கடல் தள்ளிப்போன ஊரில் ஒரு படகு

காத்தோங்கில் ஒரு சனிக்கிழமைக் காலை. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக் காப்பிக்கடையில் காயா ரொட்டிக்கும் அரைவேக்காட்டு முட்டைக்கும் நடுவே பெரியப்பா ஒரு பொட்டலத்தை வைத்தார். செய்தித்தாளைப் பிரித்தால், உள்ளங்கை அகல அலுமினியத் தகடு. ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஊசி குத்தியதுபோல் மூன்று இடங்களில் ஒளி தெரிந்தது.

“இதுதான் அந்த வாசனை,” என்றார்.

அவருடைய படகின் பெட்ரோல் டாங்கியின் அடிப்பகுதி அது. இரண்டு மாதங்களாகப் படகில் ஏறினாலே லேசாகப் பெட்ரோல் நெடி. குழாய்களை மாற்றினோம். பிடிப்பான்களை முறுக்கினோம். கடைசியில் தளத்தை அறுத்து டாங்கியையே வெளியே எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. இப்போது புது டாங்கி வேண்டும். அதை அலுமினியத்தில் செய்வதா, பிளாஸ்டிக்கில் வாங்குவதா என்பதுதான் அன்றைய காப்பிக்கடை வழக்கு. பெரியப்பா ஒரு பக்கம், அவர் மகள், என் அக்கா, எதிர்ப்பக்கம். அக்காவிடம் மூன்றாவது யோசனையும் இருந்தது: “படகையே வித்துடுங்கப்பா.”

லக்சாவுக்கும் பெரனாக்கான் வீடுகளுக்கும் பெயர்போன காத்தோங்கில் படகு எங்கே வந்தது என்று கேட்கலாம். வரலாறு நேர் எதிரானது. இங்கு முதலில் இருந்தது கடல்தான். ஊரின் பெயரே ஒரு கடலாமை வகையிலிருந்து வந்தது என்கிறார்கள். கடற்பரப்பு தூரத்தில் நெளிந்து தெரியும் கானலைக் குறிக்கும் சொல் என்று சொல்வோரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கடலை விட்டுவிட்டுக் காத்தோங்குக்குப் பெயர் சொல்ல முடியாது.

பெரியப்பாவுடன் காப்பிக்கடையிலிருந்து தெற்கே நடந்தால் அது புரியும். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டைத் தாண்டி மரின் பரேட் ரோடு வரும்போது ஓரிடத்தில் நின்றுவிடுவார். “இங்கதான் தண்ணி,” என்பார். எதிரே பேருந்து நிற்கும். 1966ல் கிழக்குக் கரையோர நில மீட்பு தொடங்கியபோது அவருக்கு 12 வயது. பிடோக், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணை வார்ப்பட்டைகளில் ஓடவிட்டுக் கடலில் கொட்டினார்கள். ஏழு கட்டங்கள், ஏறக்குறைய இருபது ஆண்டுகள், 1,500 ஹெக்டருக்கு மேல் புது நிலம். அந்த நிலத்தில் 1970களில் எழுந்த மரின் பரேட் அடுக்குமாடிகளில் ஒன்றில்தான் இப்போது பெரியப்பா குடியிருக்கிறார். தான் நீந்திப் பழகிய கடலுக்கு மேலேயே வீடு கிடைத்த மனிதர்.

அடுக்குமாடிகளைக் கடந்து, விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் நடைபாதையில் நுழைந்து மறுபுறம் ஏறினால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. அதற்கும் அப்பால் மணல். பிறகுதான் கடல். காப்பிக்கடையிலிருந்து கால்மணி நேர நடை. “எங்க காலத்துல செருப்புகூடப் போட மாட்டோம், ஓடிப்போய் விழுவோம்,” என்பார். குறையாகச் சொல்வதில்லை. வீடு கிடைத்ததே அந்த மண்ணால்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், ஓய்வுபெற்ற கையோடு இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து 19 அடி நீளப் பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கியதற்குக் காரணம் அந்தக் கால்மணி நேர நடைதான் என்பது என் ஊகம். நண்பர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் மகனோடு வெளிநாடு போய்விட்டார். படகு பெரியப்பா தலையில்.

அது வடக்கே பொங்கோல் பக்கம் ஒரு படகுத்துறையில் நிற்கிறது. பின்னால் மாட்டிய பெட்ரோல் எஞ்சின். தளத்துக்கு அடியில் 120 லிட்டர் அலுமினிய டாங்கி. மாதம் இரண்டு முறை புலாவ் உபின் பக்கம் தூண்டில் போடப் போவோம். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். அக்காவின் பயத்துக்கு அதுதான் காரணம், அது நியாயமானதும்கூட.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது. படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை வெளியிடும். டீசலுக்கு அதற்கு 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சாங்கி முனையிலிருந்து உபினுக்கு ஆளேற்றும் பம்போட்டுகள் டீசலில் ஓடுகின்றன. அங்கே ஒழுகினால் அசுத்தம். எங்கள் படகில் ஒழுகினால், மின்கல இணைப்பில் தெறிக்கும் ஒரு பொறி போதும்.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வெல்டர். வேலை பழகியது தஞ்சோங் ரூவில். காத்தோங் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேற்கே நடந்தால் சிறிது நேரத்தில் அந்த இடம் வந்துவிடும். இப்போது அங்கே நீரைப் பார்த்து நிற்பவை கொண்டோமினியங்கள். ஒரு காலத்தில் அது படகுகளும் சிறு கப்பல்களும் கட்டிய கரை. தோர்னிகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1926லேயே அங்கே கப்பல் பட்டறை போட்டது. சுற்றிலும் சிறிய பட்டறைகள் இருந்தன. 1977 முதல் பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் நீர்ப்பரப்பையும் துப்புரவு செய்தபோது, படகுக் கூடங்கள் கரையைவிட்டு வேறிடங்களுக்குப் போயின. பெரியப்பா தகடு வெட்டிப் பழகிய பட்டறையும் போய்விட்டது. அது இருந்த இடத்தை அவர் கையை நீட்டிக் காட்டுவார். காட்டும் இடத்தில் நீச்சல்குளம் இருக்கும்.

1978 அக்டோபர் 12 அன்று அவருக்கு 24 வயது. ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்கு நின்ற ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. மாண்டவர்கள் 76 பேர். சிங்கப்பூரின் ஆக மோசமான தொழிலிடப் பேரிடர் அது. கப்பலின் எரிபொருள் டாங்கியில் கச்சா எண்ணெய் கலந்து சேர்ந்திருந்த ஆவியில் வெட்டுவிளக்கின் தீ பட்டிருந்தது. மற்றப் பட்டறைகளில் வேலை செய்தவர்களும் அந்த நாளை மறக்கவில்லை.

“நிறைஞ்ச டாங்கியைவிடக் காலி டாங்கிக்குத்தான் நான் பயப்படுவேன்,” என்றார் பெரியப்பா. நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடமில்லை. காலியானதில் மிச்சமிருக்கும் ஆவியும் காற்றும் சரிவிகிதத்தில் கலந்து நிற்கும். அதனால்தான் ஓட்டை விழுந்த பழைய டாங்கியைப் பற்றவைத்துவிடலாம் என்று படகுத்துறையில் ஒருவர் சொன்னபோது, வாழ்நாள் முழுக்க வெல்டிங் செய்த மனிதர் உடனே மறுத்துவிட்டார். டாங்கியை நீர் நிரப்பிக் கழுவி, நாள்கணக்கில் காற்றாடப் போட்டு, பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கைரம்பத்தால் அறுத்துத்தான் அந்தத் துண்டை எடுத்திருந்தார்.

அது ஏன் ஓட்டையானது? நான் கடல்நீர் அரித்தது என்றுதான் நினைத்தேன். பெரியப்பா தலையாட்டினார். அலுமினியத்துக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வித்தை தெரியும். காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றை வளர்த்துக்கொள்ளும். கீறல் விழுந்தால் தோல் மறுபடி வளரும். அதற்குக் காற்று வேண்டும். எங்கள் டாங்கி படகு கட்டியபோதே நுரைப்பஞ்சுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. அசையாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால், தளத்தின் விரிசல் வழியே இறங்கிய உப்புநீரை அந்த நுரை குடித்து, தகட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டது. காற்று போகவில்லை, தோல் வளரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஈரத்துணி சுற்றிக் கிடந்த காயம் அது. அலையடித்த பக்கம் ஒன்றும் ஆகவில்லை. எவர் கண்ணிலும் படாத அடிப்பக்கம்தான் உளுத்துப்போயிருந்தது.

அப்படியானால் அலுமினியமே வேண்டாமே என்பது அக்காவின் கட்சி. காப்பிக்கடை மேசையில் இரு தரப்பும் எடுத்து வைத்தவற்றை நடுவராக இருந்த நான் குறித்துக்கொண்டேன். வானொலியில் இரு பக்கமும் பேசவிட்டு நேரம் பார்க்கும் பழக்கம் இங்கே உதவியது.

முதலில் அலுமினியம். எந்த அளவிலும் எந்த வடிவிலும் செய்துகொள்ளலாம். படகின் அடிப்பகுதி வளைவுக்கு ஏற்ப வளைக்கலாம். உள்ளே எண்ணெய் அலம்பாமல் தடுப்புத் தகடுகள் வைக்கலாம். கடலுக்கான 5052 அல்லது 5083 வகைத் தகட்டில், கொஞ்சம் தடிமனாகச் செய்து, நுரையில் புதைக்காமல், ஈரம் உறிஞ்சாத பிளாஸ்டிக் பட்டைகளின் மேல் தூக்கி வைத்து, சுற்றிலும் காற்றோட விட்டால் நீண்ட காலம் உழைக்கும். அடியில் கம்பள விரிப்போ மரக்கட்டையோ வைக்கக் கூடாது. பித்தளை இணைப்புகளை நேராக அதில் திருகக் கூடாது. இரண்டு உலோகங்களும் உப்பு ஈரமும் சேர்ந்தால் மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது பிளாஸ்டிக். படகு டாங்கிகள் பாலிஎத்திலினில் வார்க்கப்படுகின்றன. அரிப்பு என்ற பேச்சே இல்லை. விலையும் குறைவு. பட்டறை சொன்ன அலுமினிய விலையில் பாதிகூட வரவில்லை. ஆனால், தயாரிப்பாளர் வார்த்த அளவுகளில்தான் கிடைக்கும், நம் படகுக்கு அது பொருந்த வேண்டும். முதன்முறை பெட்ரோல் நிரப்பியதும் பிளாஸ்டிக் அதைக் கொஞ்சம் உறிஞ்சி உப்பும். நீளத்தில் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 90 சென்டிமீட்டர் டாங்கி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும். இடம் விடாமல் இறுக்கி வைத்தால் இணைப்புகள் பிதுங்கும். பெட்ரோல் ஆவி பாலிஎத்திலின் சுவர் வழியே மிக மெதுவாகக் கசியும். அதனால்தான் அமெரிக்காவில் படகு டாங்கிகளுக்குக் கசிவு வரம்பு விதித்திருக்கிறார்கள். அந்த வரம்புக்கு உட்பட்ட டாங்கியா என்று பார்த்து வாங்க வேண்டும், டாங்கி இருக்கும் அறைக்குக் காற்றுப்போக்கி கட்டாயம். ஓட்டை விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், ஒட்டுப்போடும் வேலை கூடாது.

“அளவு கிடைக்கலைன்னா எப்படிம்மா? 120 லிட்டர் இடத்துக்கு 90 லிட்டர்தான் இருக்கு,” என்றார் பெரியப்பா. குரலில் கொஞ்சம் வெற்றி.

“90 போதாதா?” என்றாள் அக்கா.

அவர் பதில் சொல்லவில்லை. கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுக்குப் போனபோது அதிகாலையில் கரைக்குப் போயிருந்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் கட்டுமரங்கள் அருகி, கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றில் தளத்துக்கு அடியில் டாங்கி எதையும் நான் பார்க்கவில்லை. கரையிலிருந்து வெள்ளைக் கேன்களைத் தோளில் தூக்கி வந்து எஞ்சின் பக்கத்தில் வைத்து, குழாயைச் செருகினார்கள். ஒழுகினால் அங்கேயே தெரியும். பழசானால் வேறு கேன். நான் இதைச் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்தார்.

“அது டீசல். பெட்ரோலை அப்படிச் சும்மா கேன்ல வைக்கக் கூடாது,” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா அவன் கண்ணுக்கு முன்னால வச்சிருக்கான்,” என்றார்.

அன்று மாலை மூவரும் பொங்கோலுக்குப் போனோம். அறுத்துத் திறந்த தளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பெரியப்பா அளவுநாடாவை எடுத்து, டாங்கி இருந்த பள்ளத்தை அளக்கவில்லை. முன்பக்கம் பொருள் வைக்கும் இடத்தின் மூடியைத் திறந்து அதன் அகலத்தை அளந்தார். மறுபடி அளந்தார். அந்த மூடி வழியாக 90 லிட்டர் பிளாஸ்டிக் டாங்கி இறங்கும். தளத்தை அறுக்காமல் வெளியேயும் வரும். 120 லிட்டர் அலுமினியத்தை அப்படி இறக்க முடியாது. அதை வைத்து மேலே மீண்டும் தளத்தைப் பூச வேண்டும். அடுத்த முறை பார்க்க வேண்டுமென்றால் மறுபடி ரம்பம்.

பிறகு கணக்குப் போட்டார். படகோட்டிகளிடம் மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு உண்டு. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. 90 லிட்டரில் போக 30, வர 30. பொங்கோலிலிருந்து உபினுக்கு அது தாராளம். 120 லிட்டர் தேவைப்பட்டது முன்பு மூன்று நண்பர்களும் தெற்குத் தீவுகள்வரை சுற்றி வந்த நாள்களில். “இப்ப யாரு அவ்வளவு தூரம் போறா,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்கா படகை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. பெரியப்பாவே எடுத்தார். “வித்தாலும் இதை இப்படியே விக்க முடியாது. சரி பண்ணித்தான் விக்கணும். வாங்குறவன் வீட்டிலயும் புள்ளைங்க இருக்கும்.” பிறகு சொன்னார்: “விக்கலைன்னா, நாளைக்கு இதைக் கழட்டிப் பார்க்கப்போறது நான் இல்ல. உன் பையன். அவனுக்கு வெல்டிங் தெரியாது. ஆனா மூடியைத் திறக்கத் தெரியும்.”

அக்கா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் நடுவர் வேலையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் டாங்கி வந்தது. அதை வைத்த விதத்தில் பெரியப்பாவின் தொழில் முழுவதும் இருந்தது. அடியில் மேடுபள்ளம் இல்லாத தளம், ஒரு கூர்முனை கூட இல்லாதபடி உரசித் தேய்த்தது. நான்கு பக்கமும் உப்புவதற்கு இடைவெளி. பட்டைகளை இறுக்கமாக அல்ல, உப்பும் அளவுக்கு இடம் வைத்துக் கட்டினார். எரிபொருளுக்கென்றே செய்த புதுக் குழாய்கள். நிரப்பும் வாயின் உலோக மூடிக்கு மின்நிலை சமப்படுத்தும் கம்பி, டாங்கி பிளாஸ்டிக் என்பதற்காக நிலைமின்சாரம் விட்டுவிடாது. காற்று உள்ளே வர ஒரு வழி, அடியிலிருந்து வெளியேற ஒரு வழி. பழைய நுரைப்பஞ்சு முழுவதும் வெளியே. முதலில் பாதிதான் நிரப்பினார். ஒரு வாரம் கழித்து வந்து நாடாவால் அளந்தார். டாங்கி உப்பியிருந்தது, விட்ட இடைவெளியில் பாதி மிச்சமிருந்தது. தலையாட்டிக்கொண்டார்.

இந்த முடிவு எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். டீசல் படகென்றால், வளைந்த பள்ளத்துக்கு ஏற்ப டாங்கி வேண்டுமென்றால், சுற்றிலும் காற்றோட இடமிருந்தால், நல்ல பட்டறையில் செய்த அலுமினியத்தை அவரே சிபாரிசு செய்வார். செய்தும் இருக்கிறார், படகுத்துறைப் பக்கத்துப் படகுக்காரருக்கு. என்ன பொருள் என்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதை வருஷத்துக்கு ஒரு தடவை உன்னால பார்க்க முடியுமா?”

2030 முதல் துறைமுக நீர்ப்பகுதியில் புதிதாக இயங்கும் துறைமுகப் படகுகள் மின்சாரத்தில் ஓட வேண்டும், அல்லது தூய எரிபொருளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்துள்ளது. பெரியப்பாவின் பேரன் ஓட்டப்போகும் படகில் டாங்கியே இல்லாமலும் போகலாம். அதைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. “பேட்டரிக்கும் ஒரு பெட்டி வேணும்ல? அதுக்கும் உப்புத்தண்ணி ஆகாதே,” என்றார்.

போன வாரம் புது டாங்கியோடு முதல் பயணம். ஏறுவதற்கு முன் பெரியப்பா முன்மூடியைத் திறந்து, பேரனைக் குனிந்து முகரச் சொன்னார். பையன் மூக்கை உள்ளே விட்டு நீளமாக இழுத்தான். “ஒண்ணும் வரலை தாத்தா.” இன்னொரு முறை முகரச் சொன்னார். பிறகுதான் சாவியை அவனிடமிருந்து வாங்கினார். அக்கா அன்று முதன்முறையாகப் படகில் வந்தாள். உயிர்காப்பு அங்கியை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தாள். மீன் ஒன்றும் கடிக்கவில்லை.

திரும்பி வந்து மாலையில் மரின் பரேட் வீட்டுச் சன்னலோரம் தேநீர் குடித்தோம். கீழே சாலை, மரங்கள், விரைவுச்சாலை. அதற்கப்பால் நங்கூரமிட்ட கப்பல்கள் விளக்கேற்றத் தொடங்கியிருந்தன. காப்பிக்கடையில் பார்த்த அலுமினியத் துண்டு சன்னல் விளிம்பில் கிடந்தது. ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று கேட்டேன்.

“பையனுக்குக் காட்டணும்,” என்றார். “எந்தப் பக்கம் ஓட்டை விழுந்துச்சுன்னு.”